அப்பா பெயரில் ஒரு கார்

முத்துகிருஷ்ணன் டீயைக் கையில் வாங்கினாரே தவிர குடிக்கவில்லை. தீவில், ஜங்லிகாட் பக்கம் அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே சந்து மாறிப் போகிறவர்கள் உண்டு. இன்சூரன்ஸ் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரு பாலிசி போடாமல் எழுந்திருக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் இன்று நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, சுவரில் இருந்த டெர்வினின் படத்தைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டார். முப்பதாம் நாள் பூசை முடிந்து, அந்தப் படத்துக்குப் போட்ட மாலை இன்னும் முழுசாக வாடவில்லை.

எதிரே டெர்வினின் அப்பா வியாகுலம். ஃபீனிக்ஸ் பே பக்கம் டிங்கிப் படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிறவர். அடுக்களை வாசலில் மருமகள் சுஜிதா, தோளில் கைக்குழந்தையோடு நின்றாள்.

"வண்டிக்கு ஒண்ணும் கிடையாதுன்னுட்டாங்க அண்ணாச்சி. சர்வேயர் போட்டோ எடுத்து அனுப்பிட்டார். டர்போ, சைலன்சர், எதையுமே நாம சொல்லலையில்ல. சாஃப் ரிஜெக்ட், முழுசா."

"வண்டி கெடக்கு. புள்ளைக்குள்ளத சொல்லும்."

முத்துகிருஷ்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

வியாகுலத்துக்குப் பெருமை என்று உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அது அவருடைய பழைய ஜீப்பின் நோ கிளெய்ம் போனஸ், நஷ்டஈடு கேட்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி. எவன் வந்து இடித்தாலும் அவர் கம்பெனியிடம் போனதில்லை. மரச் சுத்தியலோடு வாசலில் உட்கார்ந்து நசுங்கலைத் தட்டித் தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, தள்ளி நின்று பார்த்துக்கொள்வார். ஒருமுறை அரசாங்க லாரி பின்பக்கத்தை அப்பளமாக்கிவிட்டுப் போனபோதுகூட, "கிளெய்ம் போட்டா போனஸ் போயிரும்லா" என்று சொல்லிவிட்டு சுத்தியலை எடுத்தார். மனைவி ரோசலின் உயிரோடு இருந்தவரை அதற்காக அவரைக் கேலி செய்யாத நாளில்லை. ஜீப்பை விற்ற பிறகும் போனஸ் அவர் பெயரில் பத்திரமாக இருந்தது.

டெர்வின் சுற்றுலா ஸ்பீட் போட் ஓட்டியவன். கடலில் வேகம் பார்த்தவனுக்கு ரோட்டில் நிதானம் எங்கிருந்து வரும்? டிரான்ஸ்ஃபரில் போன ஒரு நேவி ஆபீசரிடம் வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினான். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஒவ்வொரு சாமானாக வரவழைத்தான். கடைசியில் அந்தக் கார் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும். பிறகு இன்சூரன்ஸ் கேட்டுப் போனான். "இந்த வயசு, இந்த வண்டி. எல்லாத்தையும் சொல்லிப் போட்டா உன் ரெண்டு மாசச் சம்பளம் பிரீமியத்துக்கே போயிடும் தம்பி," என்றார் முத்துகிருஷ்ணன். வழியையும் அவரே சொன்னார். வண்டியை அப்பா பெயரில் எழுது. அப்பாவின் போனஸ் கிடைக்கும். மாற்றின சாமான்களைப் பற்றி வாயைத் திறக்காதே.

"அப்பா, ஒங்க போனஸ எனக்குத் தாங்களேன்," என்று அவன் வந்து நின்றபோது வியாகுலம் பூரித்துப்போனார். வளர்ந்த பிறகு அவன் அவரிடம் கேட்ட முதல் பொருள் அது. உரிமையாளர் வியாகுலம், நாமினி டெர்வின் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தனக்கு அப்புறம் மகன் என்பதில் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? மிச்சமான பணத்தில் டெர்வின் பளபளவென்று நான்கு அலாய் வீல் வாங்கினான்.

சிப்பிகாட்டில் சுனாமிக்குப் பிறகு கடல் ஏறிய வயல்களுக்கு நடுவே ரோடு நேராகப் போகும். டெர்வின் அதில் போன அன்று மழை பெய்துகொண்டிருந்தது. கார் தடுப்புக் கல்லில் மோதி, உப்புத் தண்ணீருக்குள் தலைகுப்புற இறங்கிவிட்டது. காருக்குள் அவனைத் தவிர யாரும் இல்லை. பக்கத்துப் பண்ணை வேலையாட்கள் சீட் பெல்ட்டை தா என்கிற வெட்டுக்கத்தியால் அறுத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள்.

"பதினஞ்சு லட்சம்னு நீருதான சொன்னீரு," என்றார் வியாகுலம். "ஓட்டுறவனுக்கு ஏதாவது ஆனா குடும்பத்துக்கு வரும்னு."

"ஓனர்-டிரைவர் கவர் அண்ணாச்சி. ஓனரே ஓட்டியிருந்தாத்தான். ஓனர் நீங்க." முத்துகிருஷ்ணனுக்குக் குரல் இறங்கியது. "நீங்க இருக்கீங்களே."

உயிரோடு இருப்பதற்காக ஒரு மனிதன் வெட்கப்பட்டதை சுஜிதா அன்றுதான் பார்த்தாள். மாமா தலையைக் குனிந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பணத்தை நம்பித்தான் அவள் நர்சிங் கடைசி வருடத்தை முடித்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். மாயாபந்தரில் அவளுடைய அப்பா, வந்துவிடு, பிள்ளையை அம்மா பார்த்துக்கொள்வாள், உனக்கும் வயதிருக்கிறது, இன்னொரு இடம் பார்க்கலாம் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னொரு இடம்! அவளுக்கு அந்த வார்த்தையே குமட்டியது. "பயப்படாத மக்கா, பணம் வரும். நீ படி," என்று மாமா கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் நின்றாள்.

வியாகுலம் நிமிர்ந்தார். "பாலிசி இப்பவும் நடப்புல இருக்கா?"

"வருஷம் முடியலையே. இருக்கு."

"அப்போ நான் ஓட்டி, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"உங்க நாமினிக்கு வரும்." பாலிசியைப் பற்றி யார் எது கேட்டாலும் பதில் சொல்லிப் பழகிய வாய். "நாமினி டெர்வின் பேர்ல இருக்கு. மாத்தணும் அண்ணாச்சி."

"மாத்தும். இந்தப் புள்ள சுஜிதா பேரு போடும்."

வந்த வேலை அழுகை இல்லாமல் முடிந்த நிம்மதியில் முத்துகிருஷ்ணன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

அதே வாரம் போலீஸ் கொட்டகையிலிருந்து கார் வீட்டு வாசலுக்கு வந்தது. உப்புநீர் குடித்த எஞ்சினைப் பிழைக்க வைப்பது வியாகுலத்துக்குப் புதிதல்ல. பிரித்தார், கழுவினார், காயவைத்தார். தெருவில் எல்லோரும் மகன் நினைவாகச் செய்கிறார் என்றார்கள். பக்கத்து வீட்டு வைஜெயந்தி தினமும் அவருக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். "அழாம இருக்கிறவருக்கு இப்படி ஏதாவது வேலை இருந்தாத்தான் நல்லது. பாவம், அடிச்சே ஆத்திக்கிடட்டும்," என்றாள் சுஜிதாவிடம். மரச் சுத்தியலின் சத்தம் பகலெல்லாம் கேட்டது. குழந்தை அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகிவிட்டது.

சுஜிதாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அவர் டெர்வின் பூட்டிய டர்போவைக் கழற்றி ஓரமாகப் போட்டார். தெருவையே எழுப்பிய சைலன்சரைக் கழற்றினார். அலாய் வீல் நான்கையும் உருட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு, பழைய இரும்புச் சக்கரங்களோடு திரும்பிவந்தார். மகன் ஆசை ஆசையாய் வாங்கியதில் ஒன்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. மகன் நினைவாகச் செய்கிறவர் மகன் கைபட்டதையெல்லாம் ஏன் பிடுங்கி எறிய வேண்டும்?

சிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் புரிந்தது. பாலிசியில் எழுதியிருக்கிற கார்தான் வாசலில் தயாராகிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரன் இனிமேல் எந்தப் போட்டோவும் எடுத்துக் குற்றம் சொல்ல முடியாது. ஓட்டியதும் ஓனர்தான் என்று ஆகிவிடும். குழாயை மூட மறந்தாள். அவரிடம் போய்க் கேட்கலாம். கேட்டால் சிரிப்பார், என்ன மக்கா பேசுத என்பார். அவள் மாமாவை அவளுக்குத் தெரியாதா?

மழை பிடித்த ஒரு காலையில் கார் உயிர்பெற்றது. சத்தமே இல்லை, சாதாரணமான, அடக்கமான கார். வியாகுலம் சவரம் செய்து, கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார்.

"எங்க மாமா?"

"சும்மா, டெஸ்ட் பாக்கத்தான். சிப்பிகாட் வரைக்கும் போய்ட்டு வந்துருதேன்."

அவள் உள்ளே போனாள். அவர் கியர் போடுவதற்குள் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"எறங்கு மக்கா. மழை பெய்யுது, சின்னப்புள்ள."

"நாங்களும் வாறோம்."

"சொன்னாக் கேளு. எறங்கும்மா."

"ஏன் மாமா? டெஸ்ட்தானே?"

கண்ணாடியில் மழை வழிந்தது, வைப்பரைப் போடவும் அவருக்குத் தோன்றவில்லை. சுஜிதா பெல்ட்டை இழுத்து, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாட்டினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். கார் முழுக்க ஒரு நசுங்கல்கூட இல்லாமல் நிமிர்த்தியிருந்தார். ஓட்டுநர் பக்கத்துப் பெல்ட்டை மட்டும் அவர் தொடவே இல்லை. அன்று தாவால் அறுத்தது அறுத்தபடியே தொங்கியது.

"ஓட்டுங்க மாமா," என்றாள்.

அவர் கை ஹேண்ட் பிரேக்கின் மேல் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் நடுக்கத்தில், அறுந்த பெல்ட்டின் நுனி அவர் தோளை லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது.