புது லைன்

கீழிருந்து தூக்கி மேசைமேல் வைக்கும்போது இன்ஜினின் விளிம்பு தொடையில் ஒருமுறை இடிக்கும். இடித்து இடித்துப் பெரியவளுக்கு அந்த இடம் கன்றிக் கறுத்தே போயிருந்தது. தூக்கி வைத்துவிட்டு நிமிரும்போதெல்லாம் அவள் கண் தானாகக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் போகும். அங்கே சின்னவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிகளுக்கு இன்ஜின் செய்யும் தொழிற்சாலை அது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பழைய லைன்: இரைச்சல், கிரீஸ், சாயங்காலமானால் கால் வீங்கும் நின்ற வேலை. அந்தப் பக்கம் புது மாடல் இன்ஜினுக்கான புது லைன்: ஏசி, நாற்காலி, நீலக் கோட்டு.

இரண்டு பேரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். சின்னவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்டவளே பெரியவள்தான். பத்துப் பன்னிரண்டு வருஷம் நின்றவளை விட்டுவிட்டு நேற்று வந்தவளைப் புது லைனுக்கு எடுத்தபோது, சூப்பர்வைசர் காரணம் சொன்னார்.

"உங்க கை இரும்புக்குப் பழகின கைம்மா. இதெல்லாம் இத்தனூண்டு பார்ட்ஸு. மெல்லிசு விரல் வேணும்."

அன்றைக்குப் பெரியவள் கை கழுவுமிடத்தில் நின்று தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சின்னவள் ஒன்றும் தலைகால் தெரியாமல் ஆடவில்லை. ஆடியிருந்தால் நாலு வார்த்தை கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும், "நீங்க செத்த உக்காருங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று பாத்திரங்களை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பெரியவளுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. நாளெல்லாம் உட்கார்ந்துவிட்டு வந்தவள் தன்னைப் பார்த்து உட்காரச் சொல்கிறாள்! ஒருநாள் கைக்குப் பூசும் க்ரீம் வாங்கி வந்து நீட்டினாள்.

"கை வெடிச்சிருக்கேக்கா. ராத்திரி பூசிக்கிட்டுப் படுங்க."

"எனக்கெதுக்கு? மெல்லிசு விரல்காரி நீ, பூசிக்கோ."

வேடிக்கை என்று நினைத்துச் சின்னவள் சிரித்தாள்.

பெரியவளின் புருஷனும் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். "சின்னவ வேலைக்குப் போய்ட்டு வந்தா கல்யாண வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கா." அவன் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெரியவள் இரண்டு நாள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புது இன்ஜின் எப்படி இருக்கும் என்று பெரியவள் கேட்டதற்குச் சின்னவள் கண்ணை விரித்தாள். "ஒத்தக் கையால தூக்கிடலாம்க்கா. நீங்க உள்ள இறக்குவீங்களே இரும்புக் குழாய், அது கிடையாது. பல்சக்கரம்கூட பிளாஸ்டிக்குதான்."

"வெட்டுற சூட்டுக்கு அது தாங்குமாடி?"

"எனக்கென்னக்கா தெரியும்? குடுத்ததை மாட்டறேன்."

கொஞ்ச மாதத்தில் பழைய லைனை மூடிவிட்டார்கள். பெரியவளைப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். உத்தரவாதக் காலம் முடியுமுன்பே நின்றுபோய்த் திரும்பி வரும் புது இன்ஜின்களைப் பிரித்துப் போடும் வேலை. ஒவ்வொன்றின் மேலும் காய்ந்த புல் அப்பியிருக்கும். அடியில் மாட்டியவரின் எண் குத்தியிருக்கும். முதல்முதலாகச் சின்னவளின் எண்ணைப் பார்த்தபோது பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

பிரித்தாள். கறுத்த எண்ணெயில் வெள்ளைப் பல்சக்கரத்தின் பற்கள், விழுந்த பால்பற்கள் போல உதிர்ந்து கிடந்தன. சக்கரம் உட்கார வேண்டிய இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. திருகாணிகள் சரியான இறுக்கத்தில் இருந்தன. மாட்டியதில் ஒரு குறையும் இல்லை. மற்றவர்கள் மாட்டிய இன்ஜின்களிலும் பற்கள் இதேபோல்தான் உதிர்ந்து கிடந்தன. அவற்றையெல்லாம் மூலையில் குவியலாகத் தள்ளினாள். சின்னவளின் எண் போட்டவற்றை மட்டும் பலகைமேல் வரிசையாக அடுக்கினாள். ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை. கை ஓய்ந்த நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசுக்கு இதமாக இருந்தது.

ஒரு மத்தியானம் சூப்பர்வைசர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "மேல உசிரை எடுக்கறாங்கம்மா. பார்ட்டு சரியில்லைன்னா டிசைனையே மாத்தணும், அது நடக்கற காரியமா? மாட்டினதுல தப்புன்னா ஆளை மாத்தினாப் போதும்." பலகை அருகே போனார். குனிந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். "என்னம்மா இது, எல்லாம் ஒரே நம்பரா இருக்கு?"

மூலையில் குவியல் அப்படியே கிடந்தது. பெரியவள் அதற்கும் அவருக்கும் நடுவே நின்றிருந்தாள்.

"எனக்கென்ன சார் தெரியும்? வந்ததைப் பிரிக்கறேன்" என்றாள்.

அவர் செல்போனில் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

மறுவாரம் சின்னவள் பாதி நாளிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். பெரியவள் போய்ச் சேர்ந்தபோது அவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் சரியாத்தான்க்கா மாட்டினேன். பிரிச்சுப் பாத்த உங்களுக்குத் தெரியாதா? நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

"நான் சொல்லி யாரு கேக்கப் போறா?" என்று பெரியவள் உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்த பிறகும் அந்த முதுகைத் தடவும் கைதான் கண்ணில் நின்றது. தன் தொடை கன்றிப்போனதை இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னவென்று கேட்டதில்லை.

காலியான இடத்துக்குப் பெரியவளையே கூப்பிட்டார்கள். விரலைப் பற்றி இந்தத் தடவை யாரும் பேசவில்லை. நீலக் கோட்டு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பெட்டியில் அதே வெள்ளைப் பல்சக்கரம்தான், இன்னும் சற்று மெலிசாக. "செலவு இன்னும் குறைஞ்சிருக்கு" என்றார் சூப்பர்வைசர். "நம்பர் குத்த மட்டும் மறந்துடாதீங்க."

பெரியவள் சக்கரத்தை வைத்து, திருகி, தன் எண்ணைக் குத்தினாள். நிமிர்ந்தாள். புது லைனின் ஜன்னல் தொழிற்சாலையின் முன்புறப் புல்வெளியைப் பார்த்திருந்தது. வெளியூர்ப் பெரிய மனிதர்கள் பார்வையிட வரும் நாள். கம்பெனியின் புத்தம்புது புல்வெட்டி வண்டி, பாதி வெட்டிய நிலையில் நடுப்புல்வெளியில் மூச்சு நின்று கிடந்தது. மீதியை வெட்ட அவசரமாகக் கூலிக்குப் பெண்களைப் பிடித்து வந்திருந்தார்கள். ஆளுக்கொரு அரிவாளோடு வெயிலில் குந்தி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

தலையில் துண்டைப் போட்டிருந்தாலும் சின்னவளை அடையாளம் தெரிந்தது. வண்டிவரை வெட்டிக்கொண்டே வந்தவள், முழங்காலை ஊன்றித் தலையைத் தாழ்த்தினாள். சக்கரங்களுக்கு நடுவே கையை விட்டு, அடியில் நின்ற புல்லைப் பிடிபிடியாக அறுக்கத் தொடங்கினாள்.