போர்க்களப் பூங்காவுக்கு இரண்டு பேர்

அப்பாவுக்கு உடுத்திவிட நீலச் சட்டையை மகள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. அண்ணன் முன்னறையில் அப்பாவின் அருகே இருந்தான். அவளே எடுத்தாள்.

"சார் இருக்காரா? போர்க்களப் பூங்காவிலேருந்து பேசறேன். சனிக்கிழமைக்கு ரெண்டு பேருக்குப் பதிவு பண்ணியிருக்கார்."

"நான் அவர் பொண்ணு. அப்பா இன்னிக்குக் காலையில தவறிட்டாங்க."

"ஐயோ! நேத்துகூடப் பேசினாரேம்மா. ரத்து பண்ணிடறேன். சக்கர நாற்காலியையும் எடுத்துடறேன்."

"நாற்காலியா? யாருக்கு?"

"சாருக்குத்தான். மேடு ஏறினா முட்டி பிடிச்சுக்கும்னார். கண்ணுல படற மாதிரி வைக்காதீங்க, வேணும்னா நானே கேட்டுக்கறேன்னு மூணு தடவை சொன்னார்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்ட்டைப் பார்க்கப் பத்து மாடி படியேறிப் போனவர். பல் துலக்கும்போது சாய்ந்து விழுந்த இன்று காலை வரைக்கும் அவருக்கு முட்டி வலித்ததில்லை. அம்மாதான் இரண்டு வருஷமாகப் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்குகிறாள். கேட்டால் செருப்பு கடிக்கிறது என்பாள். "லிஃப்ட் நின்னாத்தான் எந்த வீட்ல யாருக்கு முட்டி வலின்னு தெரியும்" என்று ஊரார் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்கும் அப்பா, இந்த வீட்டைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை.

நேற்று மாலை சாப்பாட்டு மேஜையில் பூங்காவின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்.

"ஒரே நாள் சண்டை. ஏழாங்கிளாஸ்ல படிச்சது. அந்த மேட்டு மேலே நின்னு ஒரு தடவை பாத்துடணும்."

"செத்தவங்க இடத்தை டிக்கெட் வாங்கிப் பாக்கணுமா? நீங்களே போய் அந்தப் பீரங்கியைக் கட்டிக்கிட்டு அழுங்க. நான் வரல" என்றாள் அம்மா.

அவர் வரைபடத்தை மடித்தார்.

காலையிலிருந்து அம்மா வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "வர்றேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

இப்போது கதவருகே வந்து நின்றாள். "யாரு போன்ல?"

யாரோ என்று சொல்லிவிடலாம். மகள் ஒரு கணம் யோசித்தாள்.

"பூங்காவிலேருந்தும்மா. அப்பா சக்கர நாற்காலி ஒண்ணு சொல்லி வச்சிருந்தாராம். தனக்குன்னு."

"அவருக்கு எதுக்கு? குதிரை மாதிரி நடப்பாரே, அவருக்குப் போய்..."

அம்மா பாதியில் நிறுத்தினாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "சட்டை தீஞ்சிடப்போகுது, பாரு" என்றாள்.

மகள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள்.

இரண்டு மணிக்கு வண்டி வந்தது. தண்ணீர்க் குழாய்க்காகத் தெருவின் ஓரத்தைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஓட்டுநர் மூலையிலேயே நிறுத்திவிட்டார். தூக்குவதற்கு ஆறு பேர் தயாராக நின்றார்கள். அண்ணன் வந்து அம்மாவின் தோளைத் தொட்டான்.

"வாம்மா, போலாம். கொஞ்ச தூரந்தான்."

"அவ்வளவு தூரம் என்னால நடக்க முடியாதுடா. கிட்ட கொண்டாரச் சொல்லு."

"ஏம்மா, தலை சுத்துதா?"

"முட்டி வலி" என்றாள் அம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி. "ரெண்டு வருஷமா இருக்கு."

அண்ணன் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவள் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள். குழியோரம் கிடந்த பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஓரம்கட்டினாள். பிறகு நடுத்தெருவில் நின்று, பின்னோக்கி வரும் வண்டிக்குக் கையைக் காட்டினாள்.

"வரலாம்... வரலாம்... இன்னும் கொஞ்சம் வரலாம்."