சத்தம் புகாத பஸ்

பஸ்ஸின் தரையில் நான்காவது அடுக்காக ரப்பர் விரிப்பை ஒட்டிக்கொண்டிருந்த கிருபாசங்கர், தலை நிமிராமலே ஏதோ சொன்னார். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த அவர் மனைவி புவனாவுக்கு அது இடது பக்கமிருந்து வந்தது. இடது பக்கமிருந்து வருவதெல்லாம் இரண்டு வருடமாக அவளுக்குக் கிடையாது. கழுத்தை வளைத்து வலது காதைக் கொடுத்து, "என்னுங்க?" என்றாள். "இழுத்துப் புடி அம்மணி" என்றார் அவர், இந்த முறை முகத்தைப் பார்த்து. இழுத்துப் பிடித்தாள். பசையின் நெடி மூக்கில் ஏறியது. மூன்று அடுக்கு போதும் என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார். நான்காவது எங்கிருந்து முளைத்தது என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. ஆனால் கேட்டால் ஐந்தாவதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

பதினேழு வருடம் ஒரு காலேஜ் பிள்ளைகளைச் சுமந்து ஓய்ந்த பஸ் அது. கருமத்தம்பட்டியில் அவர்களுடைய தறிக்குடோனில் இருபத்திநாலு விசைத்தறி நின்ற இடத்தில், தறிகளை விலைக்குக் கொடுத்துவிட்ட பிறகு, இந்த ஒரு பஸ் வந்து நின்றது. ஐம்பத்திரண்டு சீட்டுகளையும் கிருபாசங்கரே கழற்றினார். சீட்டுக்கு அடியில் பேனா மூடிகளும், ஒற்றைக் கொலுசும், யாரோ யாருக்கோ எழுதி மனம் மாறிக் கசக்கிய கடிதமும் கிடந்தன. கடிதத்தைப் படிக்கலாமா கூடாதா என்று இருவரும் அரை நாள் யோசித்துவிட்டு, கடைசியில் படித்தார்கள். அதில் கெமிஸ்ட்ரி நோட்டைத் திருப்பித் தரும்படி மட்டும்தான் இருந்தது.

தறிச் சத்தத்தில் குடும்பம் நடத்தியவர்களுக்கு மெல்லப் பேசத் தெரியாது. கொஞ்சுவதும் கத்தித்தான், கோபமும் கத்தித்தான். கருமத்தம்பட்டிக்காரன் ரகசியம் பேச வேண்டுமென்றால் பஸ் ஏறி அவிநாசிக்குப் போக வேண்டும் என்பார் கிருபாசங்கரின் பெரியப்பா மகன் வேலுமணி. நூல் வாங்க, துணி கொடுக்க, பேங்குக்கு என்று கிருபாசங்கர் பாதி நாள் வெளியே சுற்றினார். புவனாவோ இருபத்தாறு வருடம் தறிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து, ஊடை நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றினாள். அவருடைய காது தப்பித்தது. அவளுடைய இடது காது போனதே யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் கூட. தறிகள் நின்ற பிறகுதான் தெரிந்தது. குடோன் அமைதியான அன்று, எல்லாரும் "அப்பாடா" என்றபோது, அவளுக்கு ஒரு பக்கம் மட்டும் அந்த அமைதி முடியவேயில்லை.

கோயமுத்தூரில் காது டாக்டர் நரம்பு தேய்ந்துவிட்டது என்றார். வலதும் அதே வழியில்தான் போகிறதாம், ஒரு வருடமோ இரண்டோ. காதுக்கு மெஷின் கொடுத்தார். அதை மாட்டினால் சொந்த மகள் கனிஷ்கா பெங்களூரிலிருந்து பேசுவதுகூடத் தகரத்தை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி கேட்டது. அலமாரியில் வைத்துவிட்டாள். அன்று காரில் திரும்பி வரும்போது, நீலாம்பூர் தாண்டியதும், அவளாகவே சொன்னாள்: ஒரு ராத்திரி முழுக்கக் கடலுக்குப் பக்கத்தில் படுத்து அதைக் கேட்க வேண்டும் என்று. ராமேஸ்வரம் போயிருக்கிறாள், திருச்செந்தூர் போயிருக்கிறாள். ஐம்பது பேரோடு வேனில் போய், குளித்து, ஈரத்தோடு வரிசையில் நின்று, புளிசாதம் கட்டிக்கொண்டு திரும்பிய பயணங்கள் அவை. கடல் அங்கே இருந்தது, கேட்கத்தான் நேரமில்லை. அடுத்த மாதம் கிருபாசங்கர் இந்தப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

இட்லி வேண்டும் என்றால் ஆட்டுக்கல் கொத்தப் போகிற ஆள் அவர். கடலோரம் ஒரு ரூம் எடுத்தால் போதாதா என்று கனிஷ்கா கேட்டதற்கு, ரூமில் கதவைச் சாத்தி ஏசி போடுவான், பக்கத்து ரூமில் டிவி ஓடும், உங்கம்மாவுக்கு அதெல்லாம் ஆகாது என்றார். புவனாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அதனால்தான் பஸ்ஸை வீடாக்க ஒன்றரை வருடம் கூடவே நின்று பலகை பிடித்தாள், ஸ்குரூ எடுத்துக் கொடுத்தாள். தறியின் இரும்புச் சட்டங்கள் கட்டிலுக்குக் காலாயின. கூரைமேல் சோலார் தகடும் தண்ணீர்த் தொட்டியும் ஏறின. ஆர்டிஓ ஆபீசுக்கு ஒன்பது முறை நடந்து ஆர்.சி. புத்தகத்தையும் மாற்றியாகிவிட்டது. வாஸ்துப்படி அடுப்பு தென்கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்தார். வேலுமணி வந்து பார்த்துவிட்டு, "பஸ்ஸு திரும்புச்சுன்னா அடுப்பையும் திருப்பிக்குவியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கிருபாசங்கர் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானங்களில், அவர் சாமான் வாங்கப் போன நேரத்தில், புவனா பஸ்ஸுக்குள் ஏறி மெத்தையில்லாத கட்டிலில் படுத்துக்கொள்வாள். சென்னிமலைப் பெட்ஷீட்டைத் தலைக்குச் சுருட்டி வைத்துக் கண்ணை மூடினால் குடோன் நகரத் தொடங்கிவிடும். வாளையாறு தாண்டும், பாலக்காட்டுப் பனைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிடும். சாவக்காட்டுக் கடற்கரைப் பக்கம் எங்கோ மண் வெளுத்து, தென்னைகள் சாய்ந்து, பஸ் தானாக நின்றுவிடும். அதற்குப் பிறகு வர வேண்டிய சத்தத்துக்காக அவள் காத்திருப்பாள். எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பாள், ஒரு நாள் ஒரு மாதிரி வரும். அப்படியே தூங்கிப்போவாள். எழுந்திருக்கும்போது முகத்தில் காற்றுப் பட்ட மாதிரி இருக்கும், குடோனில் காற்றே இருக்காது.

தையில் கிளம்புவதாக இருந்தது. பிறகு சித்திரை என்றார். சித்திரை போய் ஆடி வந்தது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று அவரே சந்தோஷமாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஒரு வேலை பாக்கி இருந்தது. இதற்கிடையில் குக்கர் விசில் புவனாவுக்குப் போய்விட்டது. அடுப்புப் பக்கம் நின்று ஆவியைப் பார்த்து எண்ணினாள். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவசரப்படுவார் என்று ஒரு மனது சொன்னது. இன்னொரு மனது, சொன்னாலும் அவசரப்படமாட்டார், அதைத் தெரிந்துகொள்வதைவிடச் சொல்லாமலிருப்பது மேல் என்றது.

ஆவணி பிறந்து பத்தாம் நாள், குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டார். வேலை முடிந்துவிட்டதாம். பஸ்ஸைக் குடோனுக்கு வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார். பக்கத்துக் குடோனில் சென்னகிருஷ்ணனின் நாற்பது தறியும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவள் காலடி மண் அதிர்ந்தது. மெத்தை போட்டிருந்தார். ஜன்னலெல்லாம் தகரம் வைத்து அடைத்து, இரண்டே இரண்டு இடத்தில் திறக்காத இரட்டைக் கண்ணாடி பதித்திருந்தார். சுவருக்குள் பஞ்சு, தெர்மாகோல், பலகை, அதற்கு மேல் துணி. அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு, கல்யாண மண்டபத்தில் சாப்பாடு எப்படி என்று கேட்பவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, தானும் உள்ளே நின்றபடி கதவை இழுத்துச் சாத்தினார்.

சத்தம் நின்றது. தறி இல்லை, ரோடு இல்லை, வேப்பமரத்துக் காக்கை இல்லை. ஒன்றுமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளைகள் ஆடின, சென்னகிருஷ்ணனின் ஆள் வாயைத் திறந்து யாரையோ கூப்பிட்டான், ஒரு லாரி போனது. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது. கிருபாசங்கர் சிரித்துக்கொண்டு நின்றார். கருமத்தம்பட்டியில் இப்படியொரு அமைதியை யாரும் இதுவரை கண்டதில்லை; முப்பது வருடம் சத்தத்தில் கிடந்தவர் தன் கையாலேயே அதைச் செய்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புவனாவோ சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். வலது காதும் இந்த நிமிஷம் போய்விட்டது என்றே நினைத்தாள். கையை உதறினாள். வளையல் கேட்டது. மறுபடியும் உதறினாள். கேட்டது. அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

"கதவத் தொறங்க" என்றாள்.

அவர் திறக்கவில்லை, ஏதோ தவறு நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்து அப்படியே நின்றார். அவளே எழுந்துபோய்த் திறந்தாள். தறிச் சத்தம் உள்ளே பாய்ந்தது. படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "இதுக்குள்ள இருந்தா கடலுந்தாங்க கேக்காது."

இதை அவர் ஒன்றரை வருடத்தில் ஒருமுறைகூட நினைக்கவில்லை. தறிக்காரனுக்குச் சுகம் என்றால் சத்தமில்லாதது, அவ்வளவுதான். மனைவியைச் சத்தம் கெடுத்தது, ஆகவே சத்தம் அண்டாத ஒரு வீட்டைக் கட்டினார். அவள் கேட்டதே ஒரு சத்தத்தை என்பது கணக்கில் வரவேயில்லை. வேட்டி மடிப்புக் கலையாமல் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். அன்று சாப்பிட வரவில்லை. மறுநாள் பஸ் பக்கமே போகவில்லை.

புவனாவுக்குப் பயம் வந்தது. அவரைப் பற்றி அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு முதலிலிருந்து தொடங்குவார். இன்னொரு வருடம் ஓடும். அதற்குள் அவளிடம் என்ன மிஞ்சியிருக்கும்? மூன்றாம் நாள் காலை, காபியை எடுத்துக்கொண்டுபோய் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் அவள் வலது காது வெளிப்பக்கம் போய்விடும் என்பது நினைவு வந்து, எழுந்து மாறி உட்கார்ந்தாள். அவர் அதைப் பார்த்தார்.

"என்ற தறிதான உன்ற காதத் தின்னுச்சு" என்றார்.

காபி ஆறிய பிறகு மீதியும் வந்தது. "வேல முடியாமயா நாளத் தள்ளுனேன்? அங்க கூட்டிட்டுப் போயி, அதும் உனக்குக் கேக்காமப் போச்சுன்னா, நா என்ன பண்ணுவேன் புவனா?"

மூன்று கெடு தள்ளிப்போனதற்கும் அவள் அவரை மனதுக்குள் திட்டியிருக்கிறாள், சோம்பேறி என்றும் பைத்தியம் என்றும். இந்த ஆள் இவ்வளவு நாளும் இதைச் சுமந்துகொண்டா ரப்பர் ஒட்டினார் என்று நினைத்தாள். அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"கேக்காட்டி நீங்க கேட்டு எனக்குச் சொல்லுங்க" என்றாள். "எல்லாத்தையும் பிரிச்சுப் போடாதீங்க. தலமாட்டுல ஒரே ஒரு ஜன்னல் வெட்டுங்க. போதும்."

கட்டிங் மெஷினை எடுத்தால் கால் மணி நேர வேலை. அதன் அலறல் மிச்சமிருக்கிற காதுக்கு ஆகாதென்று அவர் அதைத் தொடவில்லை. இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்துக் கையாலேயே அறுக்கத் தொடங்கினார். துணி, பலகை, தெர்மாகோல், பஞ்சு என்று தான் ஒட்டிய ஒவ்வொன்றையும் தானே அறுத்தார். தகரத்துக்கு வந்தபோது மத்தியானமாகிவிட்டது. ஏழு பிளேடு உடைந்தது. வேலுமணி வந்து சற்று நேரம் பார்த்துவிட்டு, இந்தத் தடவை எதுவும் கேட்காமல் போனார். வெயில் சாயும் நேரத்தில் தகரத் துண்டு வெளியே விழுந்தது. தலையணை அகலத்துக்கு ஒரு சதுரம், ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக. அரம் வைத்துத் தேய்த்து, அறுத்த ரப்பரையே விளிம்புக்கு மடித்து ஒட்டினார்.

புவனா இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். வலது காதுக்கு மேலே சதுரம் இருந்தது. அதன் வழியே சென்னகிருஷ்ணனின் தறிகளும், ரோடும், வேப்பமரமும் ஒன்றாகக் கலந்து உள்ளே வந்தன. நல்ல சத்தம் கெட்ட சத்தம் என்று அவள் பிரிக்கவில்லை. பிறகு தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஷிப்ட் மாறுகிற நேரம். சதுரத்தில் கிருபாசங்கரின் முகம் வந்தது, நெற்றியெல்லாம் இரும்புத் தூளோடு.

"வெள்ளிக்கெழம கெளம்பலாமா?" என்றார். வழக்கமான கத்தல் இல்லை. சாதாரணக் குரல்.

"கேக்குதுங்க. கெளம்பலாம்."

அவர் குரலை இன்னும் இறக்கினார். "பொதங்கெழம?"

"அதும் கேக்குது."

"நாளைக்கு?" கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவர் இவ்வளவு மெல்லப் பேசி அவள் கேட்டதில்லை. இப்படியொரு குரல் இவருக்குள் இருந்திருக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. தலையை ஆட்டினாள்.

அவர் இன்னும் நெருங்கி வந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் குரலே கொடுக்கவில்லையா, இல்லை கொடுத்ததுதான் தனக்கு எட்டவில்லையா என்று தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் மனம் வரவில்லை.

"செரீங்க" என்றாள்.

முகம் சதுரத்தைவிட்டு மறைந்தது. முன்பக்கக் கதவு திறந்து மூடிய அதிர்வு கட்டிலின் கால்கள் வழியாக முதுகுக்கு வந்தது. வீட்டைப் பூட்டவில்லை, துவைத்த துணி கொடியிலேயே கிடக்கிறது என்று நினைத்தாள். எழுந்திருக்கவில்லை. இன்ஜின் ஒருமுறை இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. சதுரத்துக்குள் இருந்த வேப்பங்கிளை மெல்ல விலகியது. அதன் பின்னால் சென்னகிருஷ்ணனின் குடோன் சுவர் வந்தது, கரண்ட் கம்பம் வந்தது, அப்புறம் ஒன்றுமில்லாத வானம் மட்டும் வந்து, நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாமல், அவள் காதுக்கு மேலே போய்க்கொண்டேயிருந்தது.