மூன்று கட்டமும் மரத்த வாயும்

மனித மூளை இதுவரை ஏறிய சிகரங்களில் மிக உயரமானது குறுக்கெழுத்துப் புதிர். அதற்கு மேல் வானம் மட்டுமே உண்டு. இதை அறிவித்தவர் எங்கள் தெருப் பல் டாக்டர். அறிவித்தபோது அவருடைய இரண்டு விரல்கள் என் வாய்க்குள் இருந்தன. ஆகவே ஆட்சேபம் எதுவும் எழவில்லை.

நான் தையல்காரன். கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்றில் ஓட்டை. அடைத்துக்கொண்டு பத்தரைக்குள் கடைக்குத் திரும்பிவிடலாம் என்று முதல் ஆளாக வந்திருந்தேன். டாக்டர் ஊசி போட்டார். பஞ்சு உருளைகளை வாயில் திணித்தார். மரத்துப் போகட்டும் என்றார். பிறகு என் தலைக்கு மேலிருந்த விளக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் கைப்பிடியில் சனிக்கிழமைப் பத்திரிகை நாலாக மடித்துச் செருகியிருந்தது.

"இதக் கேளுங்க டைலர் சார். 'உடம்பின் உச்சியில் ஆற்றுத் தடுப்பு, தூங்க உதவும்.' நாலு எழுத்து. சாதாரண ஆளா இருந்தா ஆத்துக்கே போயிடுவான். நான் போகல. உச்சின்னா தலை. தடுப்புன்னா அணை. சேர்த்தா தலையணை. நடுவுல ஒரு ய் வந்துச்சே, அது எங்கிருந்து வந்துச்சு?"

வாய் நிறையப் பஞ்சோடு இருப்பவனிடம் கேட்கிற கேள்வி. ய் புறப்பட்ட இடத்திலிருந்து வந்து சேர்ந்த இடம் வரைக்கும் ஆறு நிமிடம் அவரே சொன்னார்.

கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த அவருடைய அக்கா திரும்பாமலே, "டேய், அவர் பல்லுக்கு வந்திருக்கார்," என்றார். இருபது வருடமாக அங்கே நர்ஸ் அவர்தான். டாக்டரை "டேய்" போடுகிற தைரியம் வேறு யாருக்கும் கிடையாது.

"மரத்துப் போகணும்ல, அக்கா."

மரப்பதல்ல அவருடைய கவலை. மனைவியின் தம்பி ஒருவன், லிஃப்ட் மெக்கானிக், அவனும் இதே புதிரைப் போடுகிறவன். முழுக் கட்டத்தையும் நிரப்பி, படமெடுத்து, முதலில் அனுப்புகிறவர் யாரோ அவர் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொரு விடையையும் விளக்குவார். தோற்றவர் சாப்பிட மட்டுமே வாய் திறக்கலாம். டாக்டர் தொடர்ந்து ஐந்து ஞாயிறு சாப்பிட மட்டுமே திறந்திருந்தார். அவருக்குள் ஐந்து வார விளக்கம் தேங்கி நின்றது. அது வடிந்த இடம் நான்.

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. 'கடிக்கும் கருவி முன்னே, புலிவால் பின்னே, சுவரில் ஓடும்.' மூணு எழுத்து. புலியோட வால் லி. அத அமுக்கிட்டேன். முன்னாடி ரெண்டு எழுத்து வேணும். கடிக்கிற கருவின்னா..." தட்டிலிருந்த கருவியைத் தூக்கினார். "குறடு. அதுல ரெண்டு எழுத்து, குற. குறலி. குறலின்னு சுவத்துல எதாவது ஓடுமா?"

இருபது வருடமாகப் பல்லைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதர். எனக்கு வந்துவிட்டது. ஊசியைப் பல்லில் கவ்விக்கொண்டே வாடிக்கையாளரோடு வாயாடுகிறவன்தானே என்ற தெம்பில் விடையைச் சொன்னேன்.

"அய்யி."

"வலிக்குதா?"

இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு என் பல்லைத் தொட்டுக் காட்டினேன். பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் காட்டினால் என்ன அர்த்தம் என்பதை யோசிக்கவில்லை. இன்னொரு ஊசி இறங்கியது. சுவரைக் காட்டினேன். அங்கே அவருடைய பட்டம் சட்டம் போட்டுத் தொங்கியது.

"ஆமா, தங்க மெடல்," என்றார் அடக்கமாக.

அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவுக்குக் கை நீட்டினேன். "கையக் கீழ வைங்க, தூசி படும்."

கழுவு தொட்டியில் குழாய்ச் சத்தம் நின்றது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காதில் வைத்தார். எடுத்தார், மறுபடி வைத்தார்.

"யாருக்குக்கா?"

"உன் மச்சினனுக்கு. லிஃப்டுக்குள்ள இருக்கான் போல, லைன் கெடைக்கல."

"அவன்கிட்ட உனக்கென்ன பேச்சு?"

"விடையச் சொல்லணும்ல."

டாக்டர் பத்திரிகையைத் தாழ்த்தினார். "என்ன விடை?"

"இவர் சொன்னாரே, அதான். வாரா வாரம் இந்த நாற்காலியில யாராவது ஒருத்தர் சொல்லிட்டுத்தான் இருக்காங்க. நீ வலிக்குதான்னு கேக்கற." மரத்த வாயின் பாஷை அக்காவுக்கு அத்துப்படி. எனக்கு அப்போதுதான் புரிந்தது, டாக்டருக்கும்தான்.

"அஞ்சு வாரமா நீயா? கூடப் பொறந்தவனுக்கே குழி தோண்டினியா?"

"அவன் ஜெயிச்சா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டு சாப்பிடுவான். நீ ஜெயிச்சா சோறு ஆறிப் போகுது."

டாக்டர் முதல் முறையாக என்னை ஒரு முழு மனிதனாகப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். தங்க மெடல் குரலில் இருந்து இறங்கிவிட்டது.

"அக்கா. அவனுக்கு லைன் கெடைக்கறதுக்குள்ள சொல்லிடுக்கா."

"நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவ?"

"பத்து நிமிஷம்."

அக்கா போனைக் காதில் வைத்தார்.

"மூணு. உன் மேல சத்தியமா மூணு."

"பல்லி," என்றார் அக்கா.

டாக்டர் கட்டத்தைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். "பல்," என்றார் மெதுவாக, பழைய சிநேகிதனை ரயிலில் கண்டவர் மாதிரி. எழுதினார், படமெடுத்தார், அனுப்பினார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன், எச்சில் ஒரு பக்கமாக ஒழுகியதை யாரும் பொருட்படுத்தவில்லை. எட்டு நிமிடம் கழித்து லிஃப்டிலிருந்து வெளியே வந்த மச்சினனிடமிருந்து, "நாளைக்கு நீங்களே பேசுங்க மாமா," என்று பதில் வந்தது. டாக்டர் அதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

பிறகு தன் முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்பப் பாருங்க டைலர் சார். கடிக்கும் கருவி. சாதாரண ஆள் குறடுன்னு போயிடுவான். அவசரப்படாம யோசிங்க, கடிக்க நமக்கு என்ன இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை மேஜையில் பேசக் கிடைத்தது மூன்றே நிமிடம். மீதியை எல்லாம் என்னிடமே முடித்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் குறுக்கே பேச மனம் வராது. வாயும் வரவில்லை.

மரப்பு தெளிந்து வாய் வந்தபோது மணி பதினொன்றரை. அக்கா சீட்டில் அடுத்த சனிக்கிழமை என்று எழுதிக் கொடுத்தார். பல்லை இன்னும் அடைக்கவில்லை.