இவர் குடிகாரர் அல்ல

செண்பகவல்லி தன் நாற்பது வயசில் முதல் தடவையாகச் சாராயம் வாங்கப் போனது, மகளைப் பெண் பார்க்க வருகிற அன்று காலையில்தான். தாராவியில் சாராயம் வாங்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சர்க்கார் மதுவிலக்குப் போட்டாலும் போட்டது, தண்ணீர்க் குழாய் எட்டிப் பார்க்காத சந்திலெல்லாம் அது எட்டிப் பார்த்தது. ஆனால் வாங்கப் போனவள் செண்பகவல்லி அல்லவா! யாராவது குடித்துவிட்டு எதிரே வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்குகிறவள். காலி மருந்துப் புட்டி ஒன்றைக் கூடைக்குள் வைத்து, மேலே நாலு கட்டுக் கீரையைப் பரப்பிக்கொண்டு பேராச்சியின் குடிசை வாசலில் போய் நின்றபோது அவளுக்கு இரண்டு காதும் சுட்டன.

"என்ன மதினி, தடம் மாறி வந்துட்டியளா?" என்றாள் பேராச்சி.

"இதுல கொஞ்சம் ஊத்து."

"அண்ணாச்சிக்கா? பேர்தான் பெரிய பேரு, ஒருநாள்கூட அவுக என் வாசல் மிதிச்சதில்ல. எங்க போயித்தான் குடிக்காகளோன்னு நானே கிடந்து யோசிப்பேன்."

செண்பகவல்லி புட்டியை அவள் கையில் திணித்தாள். பேராச்சி புட்டியை நிரப்பிக் கொடுத்தாள். மூடியிருந்த தக்கை கைதவறிச் சாக்கடையில் விழுந்தது. கீரைக்கட்டில் இருந்து ஒரு கொத்துத் தழையைக் கிள்ளி வாயை அடைத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

உள்ளதைச் சொல்வதென்றால், அவள் புருஷன் தளவாய் சாராயத்தை விரலால்கூடத் தொட்டவர் இல்லை. அவருடைய அப்பா கந்தையா ஊரில் 'குடிகாரக் கந்தையா' என்று பேர் எடுத்தவர். தெருவில் கையும் காலும் தன்பாட்டுக்கு வீசி வீசி நடந்து, கடைசியில் கிணற்றில் விழுந்து செத்தார். அந்தப் பேரைச் சுமந்துகொண்டு வளர்ந்த தளவாய், பதினாலு வயசிலேயே கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினார். பம்பாய்க்கு வந்து கரீம் பாட்சாவின் தோல் கிடங்கில் இருபது வருஷம் வேலை. இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் தோலில் ஒட்டியிருக்கிற சதையைச் சீவ வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழம் போனால் தோல் வீண். 'தளவாய் சீவின தோல்' என்றால் வியாபாரி தடவிக்கூடப் பார்க்க மாட்டான். அந்தக் கைதான் மூன்று வருஷத்துக்கு முன்னால் துள்ள ஆரம்பித்தது. முதலில் விரல், அப்புறம் தோள், அப்புறம் முகம். "தோல் போனா மயிராச்சு தளவாய், கை போயிருமேன்னுதான் பயமா இருக்கு" என்று கண்கலங்கி வீட்டுக்கு அனுப்பிவைத்தார் கரீம் பாட்சா. தெருப்பிள்ளைகள் 'பேவ்டா, பேவ்டா' என்று, குடிகாரனுக்கு அந்த ஊர் பாஷையில் அதுதான் பேர், கத்திக்கொண்டே பின்னால் ஓடின. குடிகாரன் என்று இரண்டு தடவை ஹவல்தார் பிடித்துக்கொண்டு போய், வாயை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் திருப்பி அனுப்பினான்.

பெரிய ஆஸ்பத்திரியில் மாட்டுங்காக்கார டாக்டர் ஒருத்தர், சுப்ரமணியன் என்று பேர், சின்ன வயசு, நாலு மாசம் பார்த்துவிட்டுச் சொன்னார். "இது மூளையில வர்ற வியாதி. ரொம்ப அபூர்வம். வம்சத்துல வரும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா ஒவ்வொரு குழந்தைக்கும் வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி. முப்பது, நாப்பது வயசுக்கு மேலதான் பெரும்பாலும் தெரியும்." மருந்து உண்டா என்று செண்பகவல்லி கேட்டதற்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் தளவாயைப் பார்த்து, "உங்க அப்பாவுக்கும் இதே வியாதிதான் இருந்திருக்கணும். அவர் குடிச்சதாலதான் அப்படி ஆடினார்னு நான் நினைக்கலே" என்றார்.

ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே உட்கார்ந்து தளவாய் அழுதார். "எங்கப்பன நானும் சேந்துல்லா குடிகாரன்னு ஏசினேன், செம்பா. செத்தன்னிக்குக்கூட ஏசினேனே." அவர் காதில் விழுந்தது அது. அவள் காதில் விழுந்தது 'பாதிக்குப் பாதி' மட்டும்தான். அவளுக்கு ஒரே பிள்ளை, கோமதி. ஒரு பிள்ளையில் பாதி எது என்று அவள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தாள்.

மறுநாள் குழாயடியில் அவளே வாயைத் திறந்து சொன்னாள்: "ஆமா, குடிக்காகதான். என்ன செய்ய, என் தலையெழுத்து." அதற்கு முன்னால் ஊர்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பெண்டாட்டியே சொல்லிவிட்ட பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. அவள் கணக்கு சுலபமானது. குடிகாரன் மகளை எவனாவது கட்டுவான். குடிக்காத வீடு இந்தச் சந்தில் எத்தனை இருக்கிறது? ஆனால் இந்த நோய் இருக்கிற வீட்டுப் பெண்ணை எவன் எடுப்பான்? ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்பாள். விடிந்ததும் மறுபடியும் சொல்வாள்.

இது போதாதென்று டாக்டர் ஒருநாள் அந்தச் சந்தைத் தேடிப் பிடித்து வந்துவிட்டார். கையில் ஒரு கட்டு நோட்டீஸ். மேலே கொட்டை எழுத்தில் 'இவர் குடிகாரர் அல்ல' என்று போட்டிருந்தது. செண்பகவல்லிக்கு எழுத்துத் தெரியாது, அவரே வாசித்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மாட்டுங்காவில் ஒரு சங்கத்துக் கட்டடத்தில் கூட்டம். "போலீஸ்லேர்ந்தும் வரச் சொல்லியிருக்கேன். ஜனங்களுக்குத் தெரியணும் பாருங்கோ. தெரியாததுனாலதான் இவரைப் போட்டுப் படுத்தறா. இவர் மேடையில வந்து சும்மா உக்காந்தா போதும்."

"வாரேன்" என்றார் தளவாய். நாக்குக் குழறியது, இருந்தாலும் மறுபடி சொன்னார். "கட்டாயம் வாரேன். எங்கப்பன் பேரையும் சொல்லணும்."

நோட்டீஸை செண்பகவல்லி டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் தள்ளினாள். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே நாலு மணிக்கு, கோமதியைப் பெண் கேட்டிருந்த மான்குர்த்காரர்களை வரச் சொல்லித் தரகரிடம் ஆள் அனுப்பினாள். 'கூட்டத்தைத் தள்ளி வச்சிட்டாகளாம்' என்று புருஷனிடம் பொய் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டத்துக்கென்று அவர் இஸ்திரி போட்டு வாங்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, காலரிலும் மார்பிலும் புட்டியைச் சாய்த்துத் தெளித்தாள். குடிகாரனென்றால் வாசம் வேண்டாமா?

பொத்தான் போட அவர் விரலுக்கு வசப்படாது. அவள்தான் போட்டுவிடுவாள். மூன்றாவது பொத்தானில் அவர் குனிந்து முகர்ந்தார்.

"செம்பா, என்ன இது?"

"ஒரு மணி நேரம் பேசாம இருங்க. கோமதிக்காக."

"நான் குடிக்கமாட்டேன்லா."

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும்னுதான் நானும் நெனச்சேன்" என்றார். அவள் நாலாவது பொத்தானைப் போட்டாள்.

பிரம்மநாயகம், அவர் சம்சாரம் மீனாட்சியம்மாள், மாப்பிள்ளை நெல்லையப்பன் என்று மூன்றே பேர்தான் வந்தார்கள். மான்குர்த்தில் சொந்த வீடு. பையன் லேத் பட்டறையில் வேலை. அந்த ஒற்றை அறையில் அவர்கள் பாயில் உட்கார, தளவாய் சுவரோரம் பெஞ்சுமேல் உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது, கால் தன்பாட்டுக்கு நீண்டு மடங்கியது. கோமதி நீட்டிய காப்பித் தம்ளரை வாங்கும்போது கை வெட்டி பாதிக் காப்பி சிந்தியது. செண்பகவல்லி எழுவதற்குள் நெல்லையப்பன் எழுந்து வந்து, தம்ளரைத் தானே பிடித்து, "மெதுவா மாமா" என்று வாயருகே கொண்டுபோனான். அடப்பாவி மனுஷா, இவ்வளவு நல்லவனாகவா இருக்க வேண்டும்! ஒரு முரடனை ஏமாற்றுகிறோம் என்றிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வாசம் பிரம்மநாயகத்தின் மூக்குக்கும் போனது. அவர் முகம் சுளிக்கவில்லை. நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி. மாட்டுங்கா மார்க்கெட் சுவத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கான். கைகால் ஆடுத நோயாம், மூளைநோயாம், வம்சத்துல இறங்குமாம். அதைப் படிச்சதுல இருந்து எங்களுக்கு மனசு சரியில்ல. ஆளு இப்படி ஆடுதாரே, ஒருவேளை அதுவோன்னு. இப்பம் சந்தேகம் தீந்துபோச்சு. குடிதான? அது எங்க வீட்டுலயும் ஒருத்தன் உண்டும்."

"நான் குடிக்கல" என்றார் தளவாய்.

எல்லாரும் சிரித்தார்கள். "எந்தக் குடிகாரன் அண்ணாச்சி ஒத்துக்கிட்டிருக்கான்!" பிரம்மநாயகம் தொடையைத் தட்டிச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, உறவுச் சிரிப்புத்தான்.

"நான் குடிக்கல. குடிச்சதே இல்ல."

இந்தத் தடவை சிரிப்புக் குறைந்தது. செண்பகவல்லி கண்ணால் கெஞ்சினாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அங்கே மாட்டுங்காவில் இந்நேரம் மேடையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கூட்டத்தைத் தள்ளிவைத்தது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ? தெரியாமலா இருக்கும்.

"நான்... குடிக்கல" என்றார் மூன்றாம் தடவை, ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கி வைக்கிறவர் மாதிரி.

பிரம்மநாயகத்தின் பார்வை அவர் முகத்தை விட்டுக் கைக்கு இறங்கியது. துள்ளுகிற விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "குடிக்கலன்னா, பின்ன இது என்னது?" என்றார் மெல்ல.

வெளியே குழாயடியில் குடங்கள் இடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. மீனாட்சியம்மாள்தான் கோமதியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். "நீ சொல்லு தாயி. பச்சப்பிள்ள நீ பொய் சொல்லமாட்ட. அப்பா குடிப்பாகளா?"

கோமதி நிமிர்ந்தாள். அப்பாவை ஒருத்தர் பேவ்டா என்றால் செருப்பைக் கழற்றுகிற பிள்ளை அது. அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். உதடு பிரிந்தது.

"குடிப்பேன்" என்றார் தளவாய்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிள்ளகிட்ட கேக்காதிய. நான் குடிப்பேன். காலையிலயே... குடிச்சிட்டேன்." கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. இழுத்த இடத்திலிருந்தே சொன்னார். "எங்கப்பனும் குடிகாரன்தான்."

பிரம்மநாயகம் பெருமூச்சு விட்டார். "விடுங்க அண்ணாச்சி. நம்ம வீட்டுக் கல்யாணம், கொஞ்சம் குறைச்சுக்கிடுங்க, அம்புட்டுத்தான்." மீனாட்சியம்மாள் கோமதியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறோம் என்று எழுந்தார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது நெல்லையப்பன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், கோமதியை இல்லை, தளவாயை. "உடம்பப் பாத்துக்கிடுங்க மாமா" என்றான்.

அவர்கள் சந்து திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு செண்பகவல்லி உள்ளே வந்தாள். தளவாய் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் கிட்டே போனாள். கையை விலக்கிவிட்டார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். முழங்கால் அவள் நெற்றியை இடித்துக்கொண்டே இருந்தது. இடிக்கட்டும் என்று கிடந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்: "மிச்சம் இருக்கா?"

"கொட்டிருதேன். இப்பமே கொட்டிருதேன்."

"கொட்டாத. வெள்ளிக்கிழம வருவாகல்லா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமையோடும் முடியாது. நிச்சயத்துக்கு வேண்டும், கல்யாணத்துக்கு வேண்டும், வளைகாப்புக்கு வேண்டும். அப்புறம் கோமதிக்கு ஒரு பிள்ளை பிறக்கும். அந்தப் பிள்ளையின் விரலை, துள்ளுகிறதா துள்ளுகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள், கோமதியின் விரலையும்தான். அடுப்போரம் புட்டி பாதி நிறைந்து நின்றது. தழை வாடிச் சுருங்கி வாயிலிருந்து நழுவியிருந்தது. அறை முழுக்க அந்த வாடை.

கோமதி எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். சேலைக்கு அடியில் கையை விட்டு, தேடாமலே அந்த நோட்டீஸை எடுத்தாள். மடித்த இடங்கள் நைந்திருந்தன. ஒரு தடவை பிரித்த காகிதம் இல்லை அது.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாம்மா?"

"தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றாள் கோமதி.

அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, காகிதத்தை மடியில் வைத்து நீளவாக்கில் மடித்தாள். பிறகு இறுக்கிச் சுருட்டினாள். செண்பகவல்லி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதி புட்டியை எடுத்து, சுருட்டிய காகிதத்தை அதன் வாயில் விட்டு, அடி சாராயத்தைத் தொடுகிற வரை திருகி அடைத்தாள். வெளியே துருத்திக்கொண்டிருந்த நுனியில் கொட்டை எழுத்து இரண்டு தெரிந்தது. அடியிலிருந்து ஈரம் ஏற ஏற, அவை மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தன.