பதினோரு பிழைகள்

சாப்பாட்டு மேஜையில் மூன்று ஹெட்செட்டுகள் கிடந்தன. அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தனுப்பியவை. ஒட்டுத்தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதி ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியிருந்தார். வீட்டில் வைத்துப் பேசிப் பார்த்து, எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பிவிட வேண்டும். பதினைந்து நாள் கெடு. செருப்புக் கடையில் மூன்று ஜோடியைப் போட்டு நடந்து பார்ப்பது போலத்தானே, இதில் என்ன இருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

அவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து அறிக்கை எழுதுகிறவள். நசுங்கிய வண்டியின் படங்களையும் நேரில் போய்ப் பார்த்தவரின் குறிப்புகளையும் வைத்து, எது எப்படி உடைந்தது, தவறு யார் மேல் என்று நாலு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். பத்தொன்பது வருஷம் தட்டித் தட்டியே இரண்டு மணிக்கட்டும் போய்விட்டன. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், இனிமேல் கீபோர்டு இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதருக்கு மேலேயும் யாராவது உட்கார்ந்திருப்பார்களே. வீட்டிலிருந்தே வாயால் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும், ஆனால் ஒரு பக்கத்துக்கு மூன்று பிழைக்கு மேல் வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அறிக்கையில் ஒரு சொல் மாறினால் யாரோ ஒரு குடும்பத்தின் மனு தள்ளுபடியாகிவிடும். பிழையைத் திருத்தலாமே என்றால், திருத்துவதற்குக் கை வேண்டும். அந்தக் கைதான் இல்லையே.

வீட்டிலிருந்து என்பதுதான் அவளுக்கு உயிர்நாடி. உள் அறையில் கணவர் படுத்திருந்தார். இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். டிப்போவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். முதல் நிறுத்தத்தில் ஆரம்பித்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் வாய் ஓயாது. எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் பாதி நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சத்தம் மட்டும் குறையவில்லை. ரேடியோ ஓடிக்கொண்டேதான் இருந்தது, ஸ்டேஷன்தான் சரியாகக் கிடைக்கவில்லை. இவள் வேலைக்கு என்று கிளம்பிவிட்டால் அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. ஆகவே மூன்று ஹெட்செட்டில் ஒன்றாவது கை கொடுத்தாக வேண்டும்.

பழைய அறிக்கை ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டாள். அதே பக்கத்தை மூன்றிலும் படிப்பது, அச்செடுத்துச் சிவப்புப் பேனாவால் பிழையைக் கோடிட்டு எண்ணுவது. பத்தொன்பது வருஷமாகப் பிழை பார்த்த பழக்கம் அது. பிழை பார்க்கிறவர்கள் படிப்பதில்லை, எண்ணுவார்கள்.

ஒன்றாம் எண் ஒரு காதை மட்டும் மூடுவது. இன்னொரு காது திறந்தே இருக்கும். லேசாக, போட்டிருப்பதே தெரியாமல் இருந்தது. வயரின் நடுவில் மைக்கை அணைக்க ஒரு பொத்தான். அமுக்கிப் பிடித்திருக்கும் வரை சிவப்பு விளக்கு எரியும். அதில் படித்தபோது உள் அறையிலிருந்து அவர் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். வழக்கமாகக் கேட்கிறதுதானே என்று இவள் பாட்டுக்குப் படித்து முடித்தாள். அச்செடுத்துப் பார்த்தால், ‘முன் சக்கரம் வலப்புறம் சாய்ந்து ஜன்னலைச் சாத்து நசுங்கியுள்ளது’ என்று வந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுவில் வந்த மற்றதையெல்லாம் படித்துக்கூடப் பார்க்காமல் கோடிட்டாள். பதினோரு பிழை.

இரண்டாம் எண்ணில் மைக் உதட்டுக்கு நேராக வந்து நின்றது. ப வரும்போதெல்லாம் மூச்சு மைக்கில் மோதி, சொல்லைக் குழப்பியது. வளைக்கலாம் என்று பார்த்தால் அந்தத் தண்டு வளைந்தே கொடுக்கவில்லை. ஆறு பிழை. மூன்றாம் எண் இரண்டு காதையும் இறுக்கி மூடியது. மைக்கை வாயோரத்தில் இரண்டு விரல் தள்ளி நிறுத்த முடிந்தது. போட்டதும் மின்விசிறிச் சத்தம் நின்றது, தெருச் சத்தம் நின்றது, வீடே காலி செய்துகொண்டு போனதைப் போல ஆயிற்று. படித்து முடித்து அச்செடுத்தாள். ஒரு பிழை இல்லை.

கம்ப்யூட்டர் பிரிவுக்காரருக்கு உடனே போன் போட்டாள். மனம் லேசாகியிருந்ததால் வாயும் கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

“மூணாம் நம்பர்தான் சார். ஒண்ணாம் நம்பர்ல மைக் மேல குத்தமே இல்ல. தப்பு அத்தனையும் எங்க வீட்டுக்காரர்தான்” என்று சொல்லிச் சிரித்தாள்.

இரண்டு அறைக்கும் நடுவே இருப்பது ஒரு பிளைவுட் தடுப்பு. அதை அந்த நேரத்தில் அவள் யோசிக்கவில்லை.

மூன்றாம் எண்ணில் ஒரே ஒரு சங்கடம், அவர் கூப்பிட்டால் கேட்காது. அதற்கும் வழி செய்தாள். அமுக்கினால் ஒலிப்பதோடு விளக்கும் எரிகிற அழைப்பு மணி ஒன்றை வாங்கி, விளக்கைத் தன் மேஜையில் வைத்து, பொத்தானை அவர் கட்டிலோரம் நூல் கட்டித் தொங்கவிட்டாள். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“இருபத்திரண்டு வருஷம் மணியடிச்சாச்சு. இன்னுமா?” என்றார்.

இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மேலாளர் போனில் பாராட்டினார். மூன்றாம் நாள் ஒரு லாரி விபத்து. கடைசிப் பக்கத்தில் இருந்தபோது ஜன்னல் பக்கம் ஏதோ அசைந்தது. திரும்பினாள். எதிர்வீட்டு டீச்சர் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் மட்டும் இல்லை. ஹெட்செட்டைக் கழற்றிய பிறகுதான் டீச்சரின் சத்தமும், அதற்குப் பின்னால் உள் அறையிலிருந்து இன்னொரு சத்தமும் ஒன்றாக வந்து அவள் மேல் விழுந்தன.

நூல் அவிழ்ந்து பொத்தான் தரையில் கிடந்தது. அதை எடுக்க இடது கையை நீட்டியவர் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்திருக்கிறார். முகம் தரையில் ஒட்டி, வலது கை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது. வேட்டியெல்லாம் ஈரம். எவ்வளவு நேரமாக என்று டீச்சரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அரை மணி இருக்கும் என்றார்.

“நாலு வீட்டுக்குக் கேக்குது. உனக்குக் கேக்கலையாம்மா?”

குற்றம் சொல்கிற குரலே இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுதான் அவளை அறுத்தது. இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். அடி பெரிதாக ஒன்றும் இல்லை. டீச்சர் போனதும் வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டாள். திட்டட்டும், கத்தட்டும் என்று காத்திருந்தாள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“முடிஞ்சுதா? லாரி?”

மறுநாள் காலையில் மூன்றாம் எண்ணைப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். இனி அது வேண்டாம், வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தாள். போனால் என்ன செய்வது? ஒன்றாம் எண்ணில் எதையாவது சரிசெய்ய முடியுமா என்று பார்க்க அந்தப் பதினோரு பிழைப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அன்று எண்ணியதை இன்று படித்தாள்.

பாதி எழுத்து குழறலாகத்தான் இருந்தது. மீதி தெளிவாக இருந்தது. ‘ஜன்னலைச் சாத்து.’ பிறகு ‘தூசி.’ பிறகு ‘உனக்கு இருமல்.’ அதற்குப் பிறகு, முன்விளக்குக்கும் கதவுப் பள்ளத்துக்கும் நடுவில், ‘சாப்பிட்டியா.’ நாலு வரி தள்ளி மறுபடியும் ‘சாப்பிட்டியா.’ பக்கத்தின் அடியில், அவள் கையெழுத்துப் போடுகிற இடத்துக்குச் சற்று மேலே, இன்னொரு தடவை. மூன்றின் மேலும் சிவப்புக் கோடு. இத்தனை நாளும் தண்ணீர் கேட்கிறார், தலையணை கேட்கிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தடுப்பின் மேல் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிட்டு, மேஜையை எதிர்ச்சுவருக்கு நகர்த்தி, ஒன்றாம் எண்ணையே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதிசயமாக, பிழையே வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போர்வைதான் காரணம் என்று நினைத்தாள். கம்ப்யூட்டர் பிரிவுக்காரர், பார்த்தீர்களா, மைக்கை எங்கே நிறுத்துவது என்று உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது, அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பொய் சொல்வானேன், அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டு முழு நாள் அந்தச் சந்தோஷத்தில் இருந்தாள்.

மூன்றாம் நாள் மதியம், ஒரு ஸ்கூட்டர் விபத்தின் நடுவில், வாக்கியத்தைத் தேடிச் சற்று நிறுத்தினாள். திறந்த காதில் மின்விசிறி ஓடியது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். வேறு ஒன்றும் இல்லை. காலையிலிருந்து வேறு ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நேற்றும் இல்லை. ரேடியோ நின்று மூன்று நாளாகிறது, அவள் பிழையில்லாத பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஹெட்செட்டை அப்படியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் விழித்துத்தான் இருந்தார். தோள் துண்டின் முனையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். முனை ஈரமாகி நைந்திருந்தது. இன்று மட்டும் கடித்ததால் வந்த நைவு இல்லை. அவளைக் கண்டதும் இடது கையால் துண்டை உருவி எடுத்தார்.

“எத்தனை தப்பு?” என்றார்.

போனில் சிரித்துக்கொண்டே சொன்னது, பிளைவுட்டைத் தாண்டி இங்கே வந்து விழுந்து, இத்தனை நாளாக இவர் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. எப்படியாவது இவர் வாயைத் திறந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு பொய் சொன்னாள்.

“பதினொண்ணு. நீங்க பேசாம இருந்தும் பதினொண்ணு. அதனால தப்பு உங்களால இல்ல. நீங்க பாட்டுக்குப் பேசுங்க.”

அவர் இடது கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார்.

“அதைச் சாத்திடு. மூச்சு கேக்குது போல.”

அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள்: ஒரு தப்பும் இல்லை, மூன்று நாளாக எல்லாப் பக்கமும் சுத்தம். அசைகிற பாதி வாயால் அவர் சிரித்தார். விழுந்த நாளுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு அது. ஜெயித்தவர் சிரிக்கிற சிரிப்பு. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

“போ. அடுத்ததைச் சொல்லு” என்று துண்டை மறுபடி எடுத்தார்.

அவள் அதைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள். என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் பேசினால் வேலை போய்விடும், பேசாவிட்டால் அவரே போய்விடுவார். அப்போதுதான் ஹெட்செட் வயரில் இருந்த அந்தப் பொத்தான் நினைவுக்கு வந்தது. இந்த மனிதருக்கு எப்படிச் சொன்னால் ஏறும் என்பதும் கூடவே வந்தது.

“இங்க பாருங்க. ஒவ்வொரு பாரா முடிஞ்சதும் மைக்கை அணைச்சிட்டு நான் ஸ்டாப்பிங்னு குரல் குடுப்பேன். அப்ப பேசணும். நீங்க சொல்லி முடிச்சாத்தான் வண்டி எடுப்பேன்.”

“நடுவுல அவசரம்னா?”

“நடுவுல அவசரம்னா கத்துங்க. தப்பு வந்தா வரட்டும்.”

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அவள் போய் உட்கார்ந்தாள். திறந்த காது தடுப்புப் பக்கம் வருகிற மாதிரி ஹெட்செட்டை மாற்றிப் போட்டு, போர்வையையும் இழுத்துக் கீழே தள்ளினாள். ஸ்கூட்டரின் பின்சக்கரம், சாலையில் மணல், பிரேக் பிடித்த தடம். முற்றுப்புள்ளி. பொத்தானை அமுக்கினாள், சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஸ்டாப்பிங்” என்று குரல் கொடுத்தாள்.

ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை, சத்தமாகக் கூப்பிட்டாள். ஏறவோ இறங்கவோ ஆள் இல்லாத நிறுத்தம் போலச் சும்மா இருந்தது. பொத்தான் மேலிருந்து விரலை எடுக்கக்கூடாது என்று உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு வலித்தது. மணி இரண்டரை ஆகியிருந்தது, காலையிலிருந்து அவள் வாயில் ஒன்றும் படவில்லை.

“சாப்பிட்டியா?” என்று உள்ளேயிருந்து வந்தது.