டெல்பர்ட் ஹென்ஸ்லியின் ஒற்றை ஓட்டு

மனித குலம் அநீதிக்கு எதிரே தனித்து நிமிர்ந்த தருணங்கள் வரலாற்றில் மிகச் சில. அவற்றுள் ஒன்று 1966ஆம் வருஷம் மார்ச் பதினேழாம் தேதி பகல் பதினொன்று நாற்பதுக்கு இந்த மாநிலச் சட்டசபையின் நாற்பத்திரண்டாம் மேசையில் நிகழ்ந்தது. பாராட்டு விழாவில் திறக்கும் வெண்கலத் தகட்டில் இப்படித்தான் பொறிக்கப் போவதாக அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள்.

அந்தப் பகல் பதினொன்று நாற்பதுக்கு, நாற்பத்திரண்டாம் மேசைக்குரிய டெல்பர்ட் ஹென்ஸ்லி எதிர்த்தெரு ஓட்டலின் சவரக்கடையில் முகமெல்லாம் நுரையோடு மல்லாந்து கிடந்தார்.

இது ஓட்டிஸ் ஸ்டாம்பருக்குத் தெரியும். நாற்பத்திமூன்றாம் மேசை அவருடையது. டிராக்டர் சாமான் கடையின் கல்லாவில் நின்றபடியே அழைப்பிதழைப் படித்தவர், வாடிக்கையாளர் கேட்ட விசிறி பெல்ட்டுக்குப் பதில் வேறெதையோ எடுத்துக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அழைப்பிதழின் அடியில், முன்னாள் தோழமை உறுப்பினர் என்ற முறையில் அவர் மூன்று நிமிஷம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

சட்டசபையில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேசைக்கு மேசை இரண்டு பொத்தான், பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. பக்கத்து மேசைக்காரர் சாப்பிடப் போனாலும், தூங்கிப் போனாலும், யாரையாவது பார்க்கப் போனாலும் இவர் எட்டி அவருக்கும் சேர்த்து அமுக்கிவிடுவார். விதிப்புத்தகத்தில் அது குற்றம். நடைமுறையில் அமுக்காதவன்தான் முசுடு என்று பெயர் வாங்குவான். டெல்பர்ட் சவரத்துக்குப் போகும்போது ஓட்டிஸின் தோளைத் தட்டி, "பச்சைடா, எல்லாம் பச்சைதான்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு வந்தது நிலக்கரிக் கம்பெனிகளின் மசோதா. கரி கழுவிய கறுப்புத் தண்ணீரை மலைக்கு மேலே குட்டை கட்டித் தேக்குவார்கள். அந்தக் குட்டைக் கரைகளை இனிமேல் அரசாங்க ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டாம், கம்பெனி ஆளே பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது மசோதா. ஓட்டிஸின் தகப்பன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கம்பெனி ஆள் போடும் கையெழுத்தின் யோக்கியதை அந்த வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பின் வரிசையில் கட்சித் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தலையாகப் பார்த்தபடி நின்றிருந்தார். ஓட்டிஸ் தன் மேசையில் பச்சையை அமுக்கினார். அமுக்கியதும் தகப்பன் ஞாபகம் வந்தது. உடனே டெல்பர்டின் மேசைக்கு எட்டி, சிவப்பை அமுக்கினார்.

அவ்வளவுதான் வீரம். அடுத்தவன் பொத்தானில் காட்டிய வீரம். இருந்தாலும் அந்த நூறு பேர் கூடத்தில் எரிந்த ஒரே சிவப்பு விளக்கு அது.

மறுநாள் டெல்பர்ட் குதித்தார். யார் அமுக்கினது என்று கேட்டார். ஓட்டிஸ், மெஷின் கோளாறாக இருக்கும் என்றார். டெல்பர்ட் நேரே கம்பெனி ஏஜெண்டிடம் ஓடி, மெஷின் கோளாறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டு, மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு வந்தார்.

நாலு வருஷம் கழித்து, ஒரு ஏப்ரல் காலையில், ஸ்லேட் ஃபோர்க் பள்ளத்தாக்குக்கு மேலே இருந்த குட்டை உடைந்தது. இருபத்தாறு பேர் செத்தார்கள். சேறு வடிந்த பிறகு ஒரு பத்திரிகைக்காரர் பழைய செய்திகளைக் கிளறி, எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே மனிதரைக் கண்டுபிடித்தார். அன்று சாயங்காலமே மெஷின் கோளாறு மனசாட்சியாக மாறிவிட்டது. வடிந்தும் வடியாத சேற்றில் முழங்கால் பூட்ஸோடு நின்று டெல்பர்ட் படம் எடுத்துக்கொண்டார். நவம்பர் தேர்தலில் ஜெயித்து, காங்கிரஸ் என்கிற நாடாளுமன்றத்தின் உறுப்பினராக வாஷிங்டன் போனார்.

அங்கே இருபத்துநாலு வருஷம். ஒவ்வொரு ஏப்ரலிலும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் எழுந்து, ஸ்லேட் ஃபோர்க்கை நினைத்துக் குரல் தழுதழுக்க இரண்டு பக்கம் வாசிப்பார். மே மாதம் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் எதுவும் வந்தால் கம்பெனிகள் பக்கம் ஓட்டுப் போடுவார். ஒரு தடவை அல்ல, பதினோரு தடவை. ஓட்டிஸ் எண்ணி வைத்திருந்தார். ஊர்ச் சர்ச்சுகளுக்கெல்லாம் டெல்பர்டின் முகம் அச்சடித்த அட்டை விசிறிகள் இலவசமாக வந்தன. சாவு வீட்டில் ஜனங்கள் அவர் முகத்தாலேயே விசிறிக்கொண்டார்கள். முகத்துக்குக் கீழே, "தனியாக நின்றவர்."

ஓட்டிஸ் அதே நவம்பரில் சட்டசபைத் தேர்தலில் தோற்றார். தோற்கடிக்க எதிராளி பெரிதாகச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. மசோதா நிறைவேறிய வருஷம் கம்பெனி நடத்திய தொழிலாளர் தின விருந்தில், தான் பச்சை போட்டதை ஓட்டிஸே மேடையேறிப் பீற்றியிருந்தார். அதைக் கேட்டவர்களில் பாதிப்பேர் ஸ்லேட் ஃபோர்க்காரர்கள். தேர்தலுக்குப் பிறகு ஒரு வருஷம் அவர் கடையில் ஆணி வாங்கக்கூட ஆள் வரவில்லை.

முப்பத்தொரு வருஷமாக இந்த உண்மை அவர் தொண்டையில் நின்றது. இப்போது தகடு.

மனைவி நெவா மொச்சைக் குழம்பைக் கிளறிக்கொண்டே அழைப்பிதழை இரண்டு தரம் படித்தாள்.

"ஓட்டிஸ், உனக்கு அந்தத் தகடு வேணுமா, இல்ல அவனுக்கு இருக்கக் கூடாதா? எதுன்னு சொல்லிடு. அதுக்குத் தகுந்த சட்டையை இஸ்திரி போடறேன்."

தனக்கு உண்மைதான் வேண்டும் என்றார் ஓட்டிஸ். அந்தச் சிவப்பு விளக்கு தன் விளக்கு என்று சபைக் குறிப்பில் ஏற வேண்டும், செத்தால் கல்லறையில் அதைத்தான் வெட்ட வேண்டும். நெவா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாள்.

தலைநகரில் கூடம் நிறைந்திருந்தது. டெல்பர்ட் சக்கர நாற்காலியில் இருந்தார். நடக்க முடியும், ஆனால் நாற்காலி படத்தில் நன்றாக விழும் என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். அவரைச் சுற்றி எல்லாரும் 'காங்கிரஸ்மேன், காங்கிரஸ்மேன்' என்று குழைந்தார்கள். இந்த நாட்டில் பதவி போனாலும் பட்டம் போவதில்லை. ஓட்டிஸ் குனிந்து காதோரம் கேட்டார்.

"சவரம் எப்படி இருந்துச்சு டெல்பர்ட்?"

"எந்தச் சவரம்?"

"மார்ச் பதினேழு."

டெல்பர்ட் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திருட்டு முழி எதுவும் இல்லை. அதுதான் ஓட்டிஸுக்கு எரிந்தது.

"சத்தியமாச் சொல்றேன்டா, சவரக்கடை எனக்குத் தெரியும். ஆனா இருபத்தேழு வருஷமா ஊர் ஊராச் சொல்லிச் சொல்லி, அந்தப் பொத்தானோட சில்லிப்பு என் விரல்ல இருக்கு. இப்ப நீ வந்து அது உன் விரல்னா, நான் என்ன பண்ண?"

"திருடுன கோட்டு உடம்புக்குச் சரியா இருந்தா, அது உன்னோடதாயிடுமா?"

"முப்பத்தொரு வருஷம் கழிச்சுக் கேக்கறவன், அன்னிக்கு மெஷின் கோளாறுன்னு ஏண்டா சொன்ன?"

அதற்குள் மேடையில் ஓட்டிஸின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் எழுதி வந்த காகிதத்தை எடுக்கவேயில்லை. சவரக்கடை, நுரை, பச்சைடா என்று தோளில் தட்டியது, கட்சித் தலைவரின் கட்டிய கை, எட்டி அமுக்கிய சிவப்பு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஏஜெண்டிடம் கேட்ட மன்னிப்பையும், வாஷிங்டனில் போட்ட பதினோரு ஓட்டுகளையும் வருஷத்தோடு சொன்னார். மூன்று நிமிஷம் பதினாலு நிமிஷமானது. முதலில் பழைய நண்பரின் கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. டெல்பர்ட் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். புகைப்படக்காரர்கள் அதையும் எடுத்தார்கள்.

"அந்தச் சிவப்பு என்னோடது," என்று ஓட்டிஸ் முடித்தார். "என் பேர்ல ஏத்துங்க."

முன் வரிசையில் ஸ்லேட் ஃபோர்க்கில் பிழைத்தவர்களுக்கென்று எட்டு நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள். அதிலிருந்து லொரீன் சைஸ்மோர் எழுந்தாள். தாயையும் இரண்டு தம்பிகளையும் சேற்றுக்குக் கொடுத்தவள். ஒலிபெருக்கி கேட்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்மா. அதனாலதான்..."

"மத்தவங்க தெரியாம பச்சை போட்டாங்கன்னு இத்தனை வருஷமா மனசைத் தேத்திக்கிட்டேன். நீங்க தெரிஞ்சே போட்டிருக்கீங்க. தப்புன்னு தெரிஞ்ச கைக்குச் சொந்தப் பொத்தான் எங்கேன்னு தெரியலையா?"

ஓட்டிஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. இவளிடம் திட்டு வாங்கவா அறுபது மைல் வந்தோம் என்றிருந்தது. நான் ஓடி ஒளியவில்லை, சபையில் உட்கார்ந்திருந்தேன், பச்சையோ சிவப்போ தைரியமாகப் பதிவு செய்தேன், இந்த மனுஷன் ஆளே இல்லை என்று படபடவென்று பேசினார். பேசியது போதாமல், மேடையோரம் நின்ற சபை எழுத்தர் இமோஜீனிடம் திரும்பி, 1966ஆம் வருஷத்துக் குறிப்பேட்டை இப்போதே, எல்லார் முன்னாலும் எடுத்து வாசிக்கச் சொன்னார். தன் ஓட்டு அதில் இருக்கும். தான் அங்கே இருந்ததற்கு அதுவே சாட்சி. பிறகு பார்த்துக்கொள்ளலாம், யார் உண்மை பேசுகிறார் என்று.

இமோஜீன் முப்பத்தைந்து வருஷமாக அந்த அலுவலகத்தில் இருப்பவள். வேண்டாம் மெம்பர், விழா முடியட்டும் என்று தணிவாகச் சொல்லிப் பார்த்தாள். ஓட்டிஸ் மேடையை விட்டு இறங்குவதாக இல்லை. கூட்டமும், வந்ததற்கு இதையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்திருந்தது. தடித்த பச்சை அட்டைப் புத்தகம் வந்தது.

எதிர்த்தவர்: ஹென்ஸ்லி. ஒருவர். ஆதரித்தவர்கள் தொண்ணூற்றிரண்டு பேர். இமோஜீன் அகரவரிசையில் வாசித்துக்கொண்டே போனாள். ஸ்டாம்பர் வர வேண்டிய இடம் வந்தது, வராமலே கடந்தது. ஓட்டிஸ் திரும்ப வாசிக்கச் சொன்னார். அவள் திரும்ப வாசித்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பி, கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"மெம்பர், அந்தக் காலத்து மெஷின்ல மணி அடிக்கிற வரைக்கும் விரலை எடுக்கக் கூடாது. எடுத்தா விளக்கு அணைஞ்சுடும், ஓட்டும் போயிடும். உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

ஓட்டிஸுக்கு இப்போது ஞாபகம் வந்தது. வலது கை டெல்பர்டின் சிவப்பில் இருந்தது. இடது கை, அதைக் கட்சித் தலைவர் பார்த்துவிடாதபடி செய்தித்தாளை விரித்து மறைத்துப் பிடித்திருந்தது.

லொரீன் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு நடுவழியாக வெளியே போனாள். மற்ற ஏழு நாற்காலிகளும் அவள் பின்னால் காலியாயின.

வராதவர்கள் பட்டியலில் ஏழு பெயர் இருந்தது. ஓட்டிஸ் ஸ்டாம்பர், ஆறாவது.